கட்டடத்துக்குக் காப்பீடு, தொழிலாளிக்குக் கருணைத் தொகையா? வடசென்னைக் கட்டுமானத் தளங்களும் ஒப்பந்ததாரர் காப்பீட்டுச் சட்டமும்

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத் தளத்தில், உயரத்தில் அமைக்கப்பட்டிருந்த இரும்புச் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் உயிரிழந்தனர். வேலை தேடி அசாமிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தமிழ்நாடு அரசின் மின்துறைக்காக பெல் நிறுவனம் கட்டிவரும் நிலையம் அது. குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து தலா 2 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. உடல்கள் சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டன. செய்தித்தாள்களில் அந்த விபத்து ஏறக்குறைய அத்துடன் முடிந்துவிட்டது.

சட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அரசு அறிவிக்கும் நிவாரணம் ஆட்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்தது. கூடலாம், குறையலாம், வராமலும் போகலாம். இழப்பீடு என்பது வேலையளிப்பவர் தீர்க்க வேண்டிய கடன். அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே ஒப்பந்ததாரர் காப்பீடு எடுக்கிறார், அல்லது எடுத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் இறந்தவரின் குடும்பம் பல லட்சம் ரூபாயை இழக்கிறது. கட்டுமான ஒப்பந்தங்களில் எந்தக் காப்பீடு யாரைக் காக்கிறது, எந்த இடத்தில் தொழிலாளி விடுபட்டுப் போகிறார், அவரது உரிமையை எவ்வாறு நிலைநாட்டுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஓயாது கட்டப்படும் நிலம்

ராயபுரம் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வரை நீளும் கரையோரத்தில் கட்டுமானம் நின்ற காலமே இல்லை. 1881-இல் தொடங்கப்பட்ட சென்னைத் துறைமுகம் தெற்கு முனையில். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராசர் துறைமுகம், வடக்கில். இடையில் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரம், வேதிப்பொருள் ஆலைகளும், வடசென்னை அனல்மின் நிலையமும், சரக்குப் பெட்டகக் கிடங்குகளும் உள்ளன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. இவை ஒவ்வொன்றும் பள்ளம் தோண்டி, தூண் நிறுத்தி, சாரம் கட்டி எழுப்பப்பட்டவை.

பள்ளத்திலும் சாரத்திலும் நிற்பவர் யார் என்பதை ஒவ்வொரு தளத்திலும் பார்க்கலாம். தலைமுறைகளாகத் துறைமுகச் சுமையும் ஆலைக் கூலியும் சுமந்த தலித் குடியிருப்புகளின் மக்கள், கடல் வருமானம் சுருங்கிய மீனவக் குடும்பத்து இளைஞர்கள், இப்போது வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வரும் தலித், பழங்குடி, முஸ்லிம் தொழிலாளர்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்பவர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்பது அம்பேத்கரின் வாதம். கட்டுமானத் தளத்தில் அந்த அடுக்கின் அடியில் இருப்பவருக்கே ஆபத்து முதலில் வருகிறது. காப்பீடு அவரிடம் கடைசியாக வருகிறது.

ஒரு தளத்தில் எத்தனை பாலிசிகள்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய வழக்கு ஒன்றில், கிடங்குக் கட்டுமானத்தில் கணவரை இழந்த பெண்ணிடம் ஒப்பந்ததாரர் ஒரு பாலிசியின் நகலைக் கொடுத்திருந்தார். “ஆல் ரிஸ்க் எடுத்திருக்கேன்மா, எல்லாமே கவர் ஆகும்” என்று உறுதியும் அளித்திருந்தார். அந்தப் பெண் எட்டு மாதங்கள் அதை நம்பிக் காத்திருந்தார். பாலிசியைப் படித்தபோது, அதன் விலக்குப் பகுதியில் தொழிலாளர்களுக்கு ஏற்படும் மரணமும் காயமும் இதில் அடங்கா என்று தெளிவாக எழுதியிருந்தது. ஒப்பந்ததாரர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். அவரும் அதைப் படித்ததில்லை.

ஆகவே பாலிசிகளைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது முதல் தேவை.

‘கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்’ பாலிசி கட்டப்பட்டுவரும் கட்டடத்தையும் தளத்திலுள்ள கட்டுமானப் பொருள்களையும் காக்கிறது. தீ, வெள்ளம், புயல், இடிந்து விழுதல் முதலியவற்றால் வரும் பொருள் சேதமே அதன் முதற்பகுதி. இரண்டாம் பகுதி மூன்றாம் நபர் பொறுப்பைப் பற்றியது. அதாவது தளத்துக்கு வெளியே நடந்து செல்பவர்மீது செங்கல் விழுந்தால், பக்கத்து வீட்டுச் சுவர் பிளந்தால் அது பொருந்தும். ஒப்பந்ததாரரின் தொழிலாளியும் உரிமையாளரின் தொழிலாளியும் ‘மூன்றாம் நபர்’ அல்லர். பெயரில் ‘ஆல்’ என்று இருந்தாலும் தளத்தில் அதிக ஆபத்தில் இருப்பவர் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறார்.

‘எரக்‌ஷன் ஆல் ரிஸ்க்’ பாலிசி மின் நிலையம், ஆலை போன்ற இடங்களில் இயந்திரங்களை நிறுவும் பணிக்கும் சோதனை ஓட்டத்துக்கும் உரியது. எண்ணூர் போன்ற அனல்மின் திட்டங்களுக்குப் பொருந்துவது இவ்வகையே. தொழிலாளியைப் பொறுத்தவரை விலக்கு மேலே சொன்னதுதான்.

‘பிளான்ட் அண்ட் மெஷினரி’ பாலிசி கிரேன், பொக்லைன், கான்கிரீட் கலவை இயந்திரம் ஆகியவற்றின் சேதத்துக்கானது. கிரேன் கவிழ்ந்தால் கிரேனுக்குப் பணம் வரும். அதன் அடியில் நின்றவருக்கு இந்தப் பாலிசியில் பணம் இல்லை.

பிணைப்பத்திரங்கள் வேலை முடிக்கப்படாமல் போனால் வேலை கொடுத்தவருக்கு ஈடு செய்பவை. முன்பு வங்கி உத்தரவாதம் மட்டுமே இருந்தது. 2022 ஏப்ரல் முதல் காப்பீட்டு நிறுவனங்களும் இவற்றை வழங்க ஒழுங்குமுறை ஆணையம் வழிசெய்துள்ளது.

இந்த நான்கும் முதலீட்டைக் காப்பவை. டெண்டர் ஆவணங்களில் இவை விரிவாகக் கேட்கப்படுவதற்கும், வங்கிகள் இவற்றைப் பார்க்காமல் கடன் விடுவிக்காததற்கும் காரணம் அதுவே.

தொழிலாளியின் உயிருக்கான பாலிசி

தொழிலாளிக்கான காப்பீடு தனியானது. ‘எம்ப்ளாயீஸ் காம்பென்சேஷன் பாலிசி’ என்பது அதன் பெயர். பழைய ஆட்கள் இன்றும் ‘ஒர்க்மென் பாலிசி’ என்பார்கள். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2010 முதல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்டது. அச்சட்டப்படி வேலையளிப்பவர்மேல் விழும் பொறுப்பை இந்தப் பாலிசி ஏற்கிறது.

இதன் பிரீமியம் சம்பளப் பட்டியலின்மேல் கணக்கிடப்படுகிறது. எத்தனை பேர், என்ன வேலை, ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்று ஒப்பந்ததாரர் அறிவிக்க வேண்டும். உயரத்தில் செய்யும் வேலைக்கு விகிதம் அதிகம். பிரீமியத்தைக் குறைக்க நினைப்பவருக்கு வழிகள் இங்கேயே திறக்கின்றன. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேரைக் காட்டலாம். சாரம் கட்டுபவரை ‘உதவியாளர்’ என்று எழுதலாம். நாளுக்கு 900 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று பதியலாம். துணை ஒப்பந்ததாரரின் ஆட்கள் தனியே அறிவிக்கப்பட்டு, கூடுதல் பிரீமியம் கட்டப்பட்டால்தான் பாலிசிக்குள் வருவர். அதை விட்டுவிடலாம். விபத்து நடக்கும்வரை இவை எதுவும் வெளியே தெரிவதில்லை. நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுப்பும் முதல் கேள்விகளும் இவைதான்: பெயர் பட்டியலில் உள்ளதா? வேலை வகை பொருந்துகிறதா? தளம் பாலிசியில் குறிப்பிடப்பட்ட தளமா?

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தாலும் வேலையளிப்பவரின் பொறுப்பு மறைவதில்லை. பாலிசி இல்லாவிட்டாலும் இழப்பீடு உண்டு, வசூலிப்பதுதான் கடினமாகிறது.

மற்றொரு குழப்பம் ‘குரூப் ஆக்சிடென்ட் பாலிசி’ பற்றியது. மலிவான பிரீமியத்தில் ஆளுக்கு இரண்டு லட்சம், ஐந்து லட்சம் என்று எடுக்கப்படும் குழு விபத்துக் காப்பீட்டைக் காட்டி, இழப்பீடு கொடுத்தாயிற்று என்று கணக்கு முடிக்கப் பார்ப்பார்கள். அது தனி ஒப்பந்தம். சட்டப்படியான இழப்பீட்டுக்கு மாற்று ஆகாது.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது

மரணத்துக்கான இழப்பீடு மாதச் சம்பளத்தின் 50 விழுக்காட்டை வயதுக்கேற்ற காரணியால் பெருக்கி வருவது. நிரந்தர முழு இயலாமைக்கு 60 விழுக்காடு. காரணிகள் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் உள்ளன: 25 வயதுக்கு 216.91, 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17. கணக்கில் கொள்ளப்படும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2010-இல் அது 8,000 ரூபாய். 2020 சனவரி 3 அறிவிக்கையால் 15,000 ரூபாய் ஆனது.

25 வயதுத் தொழிலாளி ஒருவர் நாளுக்கு 900 ரூபாய் வீதம் மாதம் 26 நாள் உழைத்தார் எனக் கொள்வோம். அவர் ஈட்டியது 23,400 ரூபாய். சட்டம் 15,000-ஐ மட்டுமே எடுத்துக்கொள்ளும். அதில் பாதி 7,500, அதை 216.91-ஆல் பெருக்கினால் 16,26,825 ரூபாய். இதே தொழிலாளியின் சம்பளம் பதிவேட்டில் 8,000 ரூபாய் என்று எழுதப்பட்டு அதுவே நிரூபணமாக ஏற்கப்பட்டால் வருவது 8,67,640 ரூபாய். ஒரு பேனாக் கோடு குடும்பத்திடமிருந்து ஏழரை லட்சத்துக்கும் மேல் எடுத்துவிடுகிறது.

இழப்பீடு எப்போது கொடுபட வேண்டியதாகிறது? தளத்தில் விழுந்து இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கில், 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு இதற்கு விடை சொன்னது. பிரதாப் நாராயண் சிங் தேவ் எதிர் ஸ்ரீநிவாஸ் சபதா என்பது அந்த வழக்கு. விபத்து நடந்த நாளிலேயே பொறுப்பு எழுகிறது. ஆணையரின் தீர்ப்பு வரும் நாளில் அன்று. ஒரு கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அவரது இயலாமை முழு இயலாமையே என்றும் நீதிமன்றம் ஏற்றது. கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 விழுக்காடு வரை தண்டத் தொகையும் விதிக்கலாம். மேற்கண்ட 16,26,825 ரூபாய்க்கு இரண்டாண்டு வட்டி மட்டும் 3,90,438 ரூபாய்.

ஒப்பந்ததாரர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தண்டத் தொகையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காது. அது வேலையளிப்பவரின் சொந்தத் தவறுக்கானது. வட்டியையும் பாலிசியின் நிபந்தனையால் விலக்கிவைக்கலாம் என்று ஹர்ஷத்பாய் அம்ருத்பாய் மோதியா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பாலிசி கையில் இருக்கிறது என்று விபத்தை அறிவிக்காமல் இழுத்தடிப்பவர் தன் கைப்பணத்தையே இழக்கிறார்.

ஏணியின் கடைசிப் படி

பெரிய தளம் ஒன்றில் உரிமையாளர் நிறுவனம், முதன்மை ஒப்பந்த நிறுவனம், துணை ஒப்பந்ததாரர், ஆள் அனுப்புபவர், மேஸ்திரி, தொழிலாளி என்று ஏணி நீள்கிறது. ஒவ்வொரு படியிலும் விகிதம் குறைகிறது. ஒவ்வொரு ஒப்பந்தமும் ‘விபத்துக்கு நீயே பொறுப்பு’ என்ற நிபந்தனையைக் கீழே தள்ளிவிடுகிறது. கடைசியில் அது மேஸ்திரியின் தலையில் நிற்கிறது. அவரும் பெரும்பாலும் நேற்றுவரை கூலியாக இருந்தவர். அவரிடம் பாலிசியும் இல்லை, சொத்தும் இல்லை.

இதற்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டமே மருந்து வைத்திருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவின்படி, தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்துக்கு விடும் முதன்மையாளர், ஒப்பந்ததாரரின் தொழிலாளிக்குத் தன் நேரடித் தொழிலாளிக்குப் போலவே இழப்பீடு தர வேண்டும். விபத்து அவரது வேலைக்குரிய இடத்திலோ அவரது கட்டுப்பாட்டிலுள்ள இடத்திலோ நடந்திருக்க வேண்டும். கொடுத்த பிறகு அதை ஒப்பந்ததாரரிடமிருந்து வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்குமான விவகாரம். மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில் 18-ஏ விதி இதற்காகவே உள்ளது: 12-ஆம் பிரிவின்படி அரசு கொடுக்க நேர்ந்த இழப்பீட்டை ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய தொகையிலிருந்து பிடித்துக்கொள்ள அது வழிசெய்கிறது. அரசின் ஒப்பந்தப் படிவமே ஒப்புக்கொள்ளும் பொறுப்பை விசாரணையில் மறுப்பதற்கு இடமில்லை.

எனவே மனுவில் மேஸ்திரியை மட்டும் எதிர்மனுதாரராகக் காட்டுவது பெருந்தவறு. துணை ஒப்பந்ததாரர், முதன்மை ஒப்பந்த நிறுவனம், உரிமையாளர் நிறுவனம், காப்பீட்டு நிறுவனம் என அனைவரையும் சேர்க்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் சமூகங்களிலிருந்து மேலெழுந்து சிறு ஒப்பந்தம் எடுப்பவர்களே இந்தப் பொறுப்பால் முதலில் நசுங்குகிறார்கள். பத்து லட்சம் ரூபாய் வேலை எடுத்தவருக்கு ஒரு மரணத்தின் இழப்பீடு மொத்த ஒப்பந்தத்தையும் விழுங்கிவிடும். அவருக்குச் சொல்ல வேண்டியவை சில. ஊழியர் இழப்பீட்டு பாலிசியை வேலை தொடங்கும் முன் எடுக்க வேண்டும். தளத்தின் பெயரும் வேலையின் வகையும் உள்ளபடி எழுதப்பட வேண்டும். உண்மைச் சம்பளத்தை அறிவித்து அதை வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். ஆட்கள் கூடினால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத வேண்டும். விபத்து நடந்தால் உடனே எழுத்தில் அறிவிக்க வேண்டும். கூடுதல் பிரீமியத்தை டெண்டர் விலையிலேயே சேர்த்துக் கேட்க வேண்டும். பெல்ட், வலை, பள்ளத்துக்குப் பக்கத் தாங்கல் ஆகியவற்றின் செலவும் அப்படித்தான்.

இ.எஸ்.ஐ., நல வாரியம், பிற திட்டங்கள்

1943-இல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, தொழிலாளர் நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944-இல் அவர் அளித்த அறிக்கையே 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு அடித்தளம். ஆயினும் கட்டுமானத் தளத் தொழிலாளர்களை இ.எஸ்.ஐ. தன் வரம்புக்குள் கொண்டுவந்தது 2015 ஆகஸ்டில்தான். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுவோர் இதில் வருவர். பணியில் இறந்தால் சார்ந்திருப்போருக்குச் சராசரி ஊதியத்தின் 90 விழுக்காடு மாதந்தோறும் பகிர்ந்தளிக்கப்படும். இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர் அதே காயத்துக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் கோர முடியாது, இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே மனு போடுவதற்கு முன் இ.எஸ்.ஐ. எண் உள்ளதா என்று பார்ப்பது கட்டாயம்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இயங்குகிறது. 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டங்களின்படி கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு நல வரியாக வசூலாகிறது. பணியிடத்தில் விபத்தால் இறப்பவர் வாரியத்தில் பதிவு செய்யாதவராக இருந்தாலும் அவர் குடும்பம் விபத்து மரண உதவி கோரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இறந்தவரின் வங்கிக் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் இழப்பீட்டோடு சேர்த்துப் பெற வேண்டியவை.

பாலிசிக்குள் அடங்காத வேலை

கழிவுநீர்க் குழாய் பதிப்பும் பராமரிப்பும் கட்டுமான ஒப்பந்தங்களின் ஒரு பகுதியாகவே விடப்படுகின்றன. அடைப்பு ஏற்பட்டால் குழிக்குள் இறக்கப்படுபவர் யார் என்று நமக்குத் தெரியும். 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையையும் கழிவுநீர்த் தொட்டியையும் ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை ஈடுபடுத்துவதைத் தடை செய்து, அதைக் குற்றமாக்கியது. 2014 மார்ச் 27 அன்று சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. நிரந்தர இயலாமைக்குக் குறைந்தது 20 லட்சம். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஈடுபடுத்துவது 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம்.

இங்கே ஒப்பந்ததாரரோ அதிகாரியோ காப்பீட்டைச் சுட்டிக்காட்டித் தப்ப முடியாது. குற்றமான வேலைக்குப் பாலிசி எடுத்துப் பொறுப்பைக் கைமாற்றிவிட வழியில்லை. அந்த வேலையை நிறுத்துவதுதான் வழி.

விபத்து நடந்த பின் செய்ய வேண்டியவை

முதல் சில நாள்களில் குடும்பத்தின் முன் ஒரு தாள் நீட்டப்படும். ‘இறுதிச் செலவுக்காக’ என்று சொல்லப்படும். அதில் ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்’ என்று எழுதியிருக்கும். கையெழுத்திடாமல் இருப்பதே நல்லது. இட்டுவிட்டாலும் கலங்க வேண்டியதில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவின்படி செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்தாமல் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடாகவே கருதப்படாது என்று 8-ஆம் பிரிவு சொல்கிறது. மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணத்தை மட்டுமே கழிக்கலாம். அரசு தரும் நிவாரணத்தைச் சுட்டிக்காட்டி வேலையளிப்பவர் தன் கடனைக் குறைத்துக்கொள்ள முடியாது.

‘பெல்ட் போடவில்லை, குடித்திருந்தார்’ என்ற வாதம் தவறாமல் வரும். காயத்தால் மரணமோ நிரந்தர முழு இயலாமையோ ஏற்பட்டிருந்தால் அந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 3-ஆம் பிரிவின் வாசகமே அதை விலக்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். அதை நம்பி இருக்கக் கூடாது. மனுவை விபத்து நடந்த இடத்தில் மட்டுமின்றி, குடும்பம் வசிக்கும் ஊரின் ஆணையரிடமும் தாக்கல் செய்ய 21-ஆம் பிரிவு இடமளிக்கிறது. எண்ணூரில் இறந்தவரின் மனைவி அசாமிலுள்ள தன் மாவட்டத்திலிருந்தே வழக்கை நடத்தலாம். புலம்பெயர் தொழிலாளர் குடும்பங்களுக்கு இச்செய்தியை அவர்கள் மொழியில் கொண்டுசேர்ப்பது நம் வேலை.

குடும்பம் எட்டாத தொலைவில் இருந்தாலும் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பணியில் ஒருவர் இறந்தார் என்ற தகவல் எந்த வழியில் கிடைத்தாலும், வேலையளிப்பவருக்கு நோட்டீஸ் அனுப்பி 30 நாளுக்குள் விளக்கம் கேட்க ஆணையருக்கு 10-ஏ பிரிவு அதிகாரம் தருகிறது. செய்தித்தாள் நறுக்கை இணைத்து ஒரு மாணவர் அமைப்பு எழுதும் கடிதமே அதற்குப் போதும்.

திரட்ட வேண்டிய ஆவணங்கள்: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாயில் அனுமதிச் சீட்டு, தள அடையாள அட்டை, வருகைப் பதிவேட்டின் படம், சம்பளம் வந்த வங்கிக் கணக்கு அல்லது ஜிபே பதிவுகள், மேஸ்திரியுடனான வாட்ஸ்அப் உரையாடல், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம். தொழிலாளர்கள் இரண்டொரு வாரத்தில் வேறு தளத்துக்கு மாற்றப்பட்டுவிடுவர். அதற்குள் அவர்கள் பெயரையும் எண்ணையும் வாங்கிவிட வேண்டும். பொதுத்துறைத் திட்டமானால் ஒப்பந்தத்தின் நகலையும் அதனுடன் தாக்கலான காப்பீட்டு பாலிசிகளின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். இதை விபத்துக்குக் காத்திராமல், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது.

புதிய சட்டத்தொகுப்பும் நம் கோரிக்கைகளும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 உள்ளது. இழப்பீட்டின் அடிப்படை அமைப்பும் முதன்மையாளரின் பொறுப்பும் அதில் தொடர்கின்றன. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, பணியோடு தொடர்புடையதானால், பணி விபத்தாகவே கொள்ளப்படும் என்பது அதன் வெளிப்படையான சேர்க்கை. பழைய சட்டத்தின்கீழும் அவ்வாறே பொருள்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. நவம்பர் 21-க்கு முன் நடந்த விபத்துகளில் எழுந்த உரிமை பழைய சட்டப்படியே நிலைக்கும். எண்ணூர் விபத்து செப்டம்பர் 30 அன்று நடந்தது. அதற்கான இரண்டாண்டுக் காலக்கெடு 2027 செப்டம்பரில் முடிகிறது.

சட்டத்தில் உள்ளதை வாங்குவது ஒரு பாதி. மறுபாதி, சட்டத்தில் இல்லாததைக் கேட்பது. வடசென்னையின் ஒவ்வொரு பொதுத்துறைத் தளத்திலும் ஊழியர் இழப்பீட்டு பாலிசியின் எண், நிறுவனம், காப்பில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கை ஆகியவை வாயில் பலகையில் தமிழிலும் தொழிலாளர்களின் மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். வருகைப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கையும் பாலிசியில் உள்ள எண்ணிக்கையும் ஒத்துப்போனால் மட்டுமே ஒப்பந்ததாரரின் பில் அனுமதிக்கப்பட வேண்டும். 15,000 ரூபாய் உச்சவரம்பு நீக்கப்பட்டு, தொழிலாளி உண்மையில் ஈட்டிய கூலியே கணக்கின் அடிப்படையாக வேண்டும். சிறு ஒப்பந்தங்களில் தொழிலாளர் காப்பீட்டுப் பிரீமியத்தை உரிமையாளர் நிறுவனமே தனித் தலைப்பில் ஏற்க வேண்டும். அப்போதுதான் அதைக் குறைத்து விலை கேட்டு டெண்டரை வெல்லும் போட்டி நிற்கும்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. இரும்புக்கும் சிமெண்டுக்கும் இயந்திரத்துக்கும் எடுக்கப்படும் அதே கவனத்தை, அவற்றைத் தூக்கி நிறுத்தும் மனிதருக்கும் எடுத்தால் போதும். உங்கள் தெருவை ஒட்டி நடக்கும் கட்டுமானத்தின் வாயிலில் நின்று, “இங்கே வேலை செய்கிறவர்களுக்கு என்ன பாலிசி?” என்று நாளைக்கே கேட்கலாம்.